நாடாவுக்கு மெருகு: டிஸ்க் சாண்டரும் பட்டு இழையும்

ஏர் ஓட்டுகிறவருக்குக் கொழு எப்படியோ, தறியில் உட்காருகிறவருக்கு நாடா அப்படி. கொழு மழுங்கினால் மாடு இழுக்கத் திணறும். நமக்கு உடனே தெரிந்துவிடும். ஆனால் நாடாவில் ஒரு சின்னச் சிலாம்பு கிளம்பினால் சத்தமே இருக்காது. பாவில் ஒரு இழை போகும். முடிச்சுப் போட்டுவிட்டு மேலே நெய்வோம். கொஞ்ச நேரத்தில் பக்கத்து இழை போகும். "இந்தத் தடவை வந்த பட்டே சரியில்லை"ன்னு நூல் மேலே பழி போடுவோம். பல நேரங்களில் குற்றம் நூலில் இல்லை, மரத்தில் இருக்கிறது.

காஞ்சிபுரத்தில் இதைப் பற்றிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே நெய்யும் கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்காக மூன்று நாடாக்கள் ஓடும். தறியில் ஒருவர், துணைக்கு இன்னொருவர் என்று இரண்டு பேர் உழைப்பு. ஒரு புடவை இறங்கப் பத்து நாள், பதினைந்து நாள், வேலைப்பாடு கூடினால் அதற்கும் மேல். கூலி நாளுக்கு இல்லை, புடவைக்கு. இழை அறுந்து முடிச்சுப் போடுகிற ஒவ்வொரு நிமிஷமும் நெசவாளியின் கைக்காசு. பாவு பெரும்பாலும் மூன்று புடவைக்குச் சேர்த்துப் போடுவதால், ஒரு கெட்ட நாடா ஒரு புடவையோடு நிற்பதும் இல்லை.

தறிச் சாமான்களைப் பழுது பார்க்கும் தச்சுப் பட்டறைகளில் இன்று இழைப்புளி, அரம் இவற்றோடு டிஸ்க் சாண்டரும் வந்துவிட்டது. மோட்டாரில் ஒரு இரும்பு வட்டம் சுழல, அதன் முகத்தில் உப்புத்தாள் ஒட்டியிருக்கும். முன்னால் ஒரு சின்ன மேஜை. மரத்தை அந்த மேஜை மேல் வைத்துத் தொட்டால் போதும், நிமிஷத்தில் வேலை முடியும். நல்ல சாதனம்தான். ஆனால் பட்டுக்கு வேண்டிய கடைசி மெருகை அது தருமா? தராது. ஏன் தராது, எதுவரை அதை நம்பலாம், எப்படிப் பேணலாம் என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

மணலும் இழையும்

உப்புத்தாள் என்பது ஒட்டிய மணல். தாளின் பின்பக்கம் ஓர் எண் அச்சடித்திருக்கும். எண் கூடக் கூட மணல் பொடி. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறுக்கு மைக்ரான் என்று பெயர். 120 எண் தாளில் ஒரு மணல் சுமார் 125 மைக்ரான் இருக்கும். 180-இல் சுமார் 80, 240-இல் சுமார் 58, 320-இல் சுமார் 46, 400-இல் சுமார் 35. இப்போது பட்டைப் பாருங்கள். பட்டுப்புழு விடும் தனி இழையின் தடிமன் ஏறக்குறைய 10 முதல் 15 மைக்ரான்தான். அப்படிப்பட்ட பல இழைகளைச் சேர்த்து முறுக்கியதுதான் நம் பாவு நூல்.

ஆக, நாம் மெல்லிசு என்று நினைக்கிற 400 எண் தாளின் மணல்கூடப் பட்டின் தனி இழையைவிட இரண்டு மூன்று மடங்கு பெரியது. அந்த மணல் மரத்தில் கிழிக்கும் கோடு அதன் முழு அளவுக்கு ஆழம் போகாது என்பது உண்மை. ஆனாலும் கோடு கோடுதான். நம் உள்ளங்கை காய்ப்பு ஏறிய கை. அது "வழவழன்னு இருக்கு" என்று சொல்லும் இடத்தில் பட்டு இழை "இல்லை" என்று சொல்லும்.

இதிலும் முக்கியம், கோடு எந்தத் திசையில் ஓடுகிறது என்பது. நாடா பாவின் மேல் நீளவாக்கில் வழுக்கிக்கொண்டு போகிறது. பாவு இழைகள் அதற்குக் குறுக்கே கிடக்கின்றன. நாடாவின் அடியில் கோடுகள் நீளவாக்கில் இருந்தால் இழை அவற்றின் முதுகு மேலேயே வழுக்கிப் போய்விடும். கோடுகள் குறுக்கே இருந்தால்? இழையும் கோடும் ஒரே போக்கில் கிடக்கும். இழை பள்ளத்தில் இறங்கி ஓரத்தில் மாட்டும். அரத்தின் பற்களை நினைத்துக்கொள்ளுங்கள். பற்கள் ஓட்டத்துக்குக் குறுக்கே இருப்பதால்தான் அரம் அறுக்கிறது. குறுக்குக் கோடு விழுந்த நாடாவும் பட்டுக்கு ஓர் அரம்தான்.

டிஸ்க் சாண்டர் சுழலும் மெஷின். அது கிழிப்பது வில் போல வளைந்த கோடு. மரத்தை எப்படித் திருப்பிப் பிடித்தாலும் ஏதாவது ஓரிடத்தில் நார்வாக்குக்குக் குறுக்கே கோடு விழுந்தே தீரும். கடைசி மெருகை மெஷினிடம் விடக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம். மெஷின் உருவம் கொடுக்கட்டும்; மெருகு கையால் வரட்டும்.

உப்புத்தாள் வருவதற்கு முன்னால் நம்மவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கலாம். பராய் மரத்தின் இலை சொரசொரப்பானது. மரத்தையும் தந்தத்தையும் அந்த இலையால் தேய்த்து மெருகேற்றுவது பழைய வழக்கம். திருச்சி பக்கம் திருப்பராய்த்துறைக் கோயிலில் தல விருட்சமே பராய்தான். இலையைக் கையில் பிடித்து நார்வாக்கிலேயே தேய்ப்பார்கள். சாமான் மாறினாலும் அந்தக் கைப்பழக்கம் மாற வேண்டியதில்லை.

மெஷினுக்கு எந்த வேலை?

டிஸ்க் சாண்டருக்கு ஏற்றது, வெட்டு முகங்களைச் சமன் செய்வது. மிதிகட்டையின் முனை, முளைகளின் தலை, சட்டம் சேரும் மூட்டு, நாடாவின் இரு முனைச் சரிவு, புதிதாக வெட்டிய கட்டையின் மூலை இவற்றுக்கெல்லாம் இது கைகொடுக்கும். வெட்டு முகத்தில் இழைப்புளி ஓட்டினால் ஓரம் பிய்யும், சாண்டரில் பிய்யாது.

நாடாவின் அடிப்பக்கம் மாதிரி நீளமான தட்டை முகத்துக்கு இது ஏற்றதல்ல. வட்டத்தின் பாதியைத்தான் பயன்படுத்த முடியும். அது எப்படி என்று அடுத்துச் சொல்கிறேன். அந்தப் பாதியைவிட நாடா நீளம். நகர்த்தி நகர்த்தித் தேய்த்தால் ஓரிடம் பள்ளம், ஓரிடம் மேடு ஆகும். அடி சமமில்லாத நாடா நேரே ஓடாது.

கையில் பிடிக்கும் ஆங்கிள் கிரைண்டரில் உப்புத்தாள் மாட்டித் தேய்க்கிறவர்களும் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 சென்டிமீட்டர் வட்டம் நிமிஷத்துக்கு 1440 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு நிமிஷத்துக்குச் சுமார் 1130 மீட்டர் ஓடும். 10 சென்டிமீட்டர் கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு ஏறக்குறைய 3450 மீட்டர் ஓடும். மூன்று மடங்கு வேகம். அது இரும்பு வேலைக்கான வேகம். மரத்தில் வைத்தால் கருகும், குழி விழும். மெல்லிய வேலைக்கு அதைத் தொடவே வேண்டாம்.

கீழே இறங்கும் பாதி

மெஷினைப் போட்டு உடனே நிறுத்தி, வட்டம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். ஒரு பாதி மேலிருந்து கீழே மேஜையை நோக்கி இறங்கும். மறு பாதி மேஜையிலிருந்து மேலே ஏறும். வேலை எப்போதும் இறங்குகிற பாதியில்தான். அப்போது மரம் மேஜை மேல் அழுந்தி நிற்கும். ஏறுகிற பாதியில் வைத்தால் மரத்தை மெஷின் தூக்கி முகத்தில் எறியும். ஏறுகிற பாதிக்கு நேரே மேஜையில் சாக்குக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்தால் புதிதாகக் கற்கிற பையனுக்கு நல்லது.

இன்னொரு விஷயம். வட்டத்தின் விளிம்பு வேகமாக ஓடுகிறது. மையத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் அதில் பாதி வேகம். நட்ட நடு மையத்தில் வேகமே இல்லை. ஆகவே அகலமான கட்டையை ஒரே இடத்தில் வைத்து அழுத்தினால் விளிம்புப் பக்கம் அதிகம் தேயும், உட்பக்கம் குறைவாகத் தேயும். மரத்தைச் சதா மெதுவாக நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்தம் கொடுக்காதீர்கள். அறுப்பது மணலின் வேலை. நம் கை மரத்தைப் பிடித்துக் காட்டினால் போதும். பழுப்பு நிறம் ஏறினாலோ, கருகல் வாசனை வந்தாலோ மூன்றில் ஒன்று காரணம்: தாள் மழுங்கிவிட்டது, தாளில் மரப்பிசின் அடைத்துவிட்டது, அல்லது நீங்கள் அழுத்துகிறீர்கள். தேக்கு போன்ற எண்ணெய்ப் பசை உள்ள மரம் தாளைச் சீக்கிரம் அடைக்கும்.

கைவிரல் அளவுள்ள சின்னத் துண்டுகளை வெறும் கையால் பிடித்து வட்டத்தில் காட்டக்கூடாது. ஒரு பிடிகட்டையில் பொருத்திக்கொண்டு செய்யுங்கள். தொங்கும் துண்டு, அவிழ்ந்த வேட்டி நுனி, புடவைத் தலைப்பு, கையில் கட்டிய கயிறு எதுவும் மெஷின் பக்கம் கூடாது. கையுறை நல்லதுதானே என்று நினைப்பீர்கள். சுழலும் மெஷினில் கையுறைதான் ஆபத்து. அது மாட்டினால் விரலையும் சேர்த்து இழுக்கும். கண்ணுக்கு மட்டும் கண்ணாடி கட்டாயம்.

உழவு, கட்டி உடைப்பு, பரம்பு

விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உழுத வயலில் கட்டி உடைக்காமல் பரம்படித்தால் என்ன ஆகும்? மேலே பார்க்கச் சமம். உள்ளே கட்டி கட்டியாகவே இருக்கும். உப்புத்தாளும் அப்படியே. 80-லிருந்து ஒரே தாவலில் 320-க்குப் போகாதீர்கள். 80 கிழித்த ஆழமான கோட்டை 320-இன் பொடி மணலால் அழிக்க முடியாது. மேட்டை மட்டும் பளபளப்பாக்கிவிட்டுப் போகும். 80, 120, 180, 240, 320 என்று படிப்படியாக வாருங்கள். ஒவ்வொரு படியிலும் முந்தின தாளின் கோடு முழுக்க மறைந்த பிறகே அடுத்த தாளை எடுக்க வேண்டும்.

மறைந்ததா என்று எப்படித் தெரியும்? மரத்தின் மேல் பென்சிலால் லேசாகக் கிறுக்கிவிட்டுத் தேயுங்கள். பென்சில் நின்றிருக்கும் இடம் பள்ளம். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் மரத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தலைக்கு நேர் மேலே தொங்குகிற பல்பு வெளிச்சத்தில் கோடு தெரியாது; பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரியும்.

நாடாவைச் சீர் செய்யும் வரிசை

முதலில் தாரை எடுத்துவிட்டு நாடாவை நன்றாகப் பாருங்கள். குறுக்கே விரிசல் கண்டிருந்தால் அதைச் சீர் செய்ய முயல வேண்டாம். எவ்வளவு மெருகு போட்டாலும் விரிசல் மறுபடி வாய் திறக்கும். நீளவாக்கில் கிளம்பிய சிலாம்பும், முனையில் விழுந்த சொட்டையும்தான் சீர் செய்யக்கூடியவை.

அடுத்து, முனைச் சரிவை மட்டும் 120 எண் தாள் ஒட்டிய டிஸ்க் சாண்டரில் லேசாகக் காட்டி எடுங்கள். கொஞ்சமாக எடுங்கள், எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. நாடாவின் ஒரு முனையில் அதிகம் எடுத்தால் எடை ஒரு பக்கம் சாயும். முனையில் உலோகக் கூர் பொருத்திய நாடாவாக இருந்தால் உலோகம் வட்டத்தில் படவே கூடாது. இரும்பு பட்டால் பொறி பறக்கும். அந்தப் பொறி மரத்தூள் சேர்ந்த பையில் போய் விழுந்தால் உடனே எரியாது. உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருந்து, நீங்கள் பட்டறையைப் பூட்டிக்கொண்டு போன பிறகு எரியும்.

மூன்றாவது, அடிப்பக்கம். சமமான கண்ணாடித் துண்டு அல்லது நன்றாக இழைத்த பலகை மேல் 180 எண் தாளை விரித்து ஒட்டுங்கள். நாடாவைத்தான் தாள் மேல் நீளவாக்கில் முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். பிறகு 240, பிறகு 320. பக்கங்களுக்குத் தாளை ஒரு சின்ன மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு, நார்வாக்கிலேயே தேயுங்கள். வெறும் விரலால் தாளை அழுத்தித் தேய்த்தால் விரல் அளவுக்குப் பள்ளம் விழும்.

நான்காவது, தண்ணீர் காட்டுவது. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஈரத் துணியைப் பிழிந்து நாடாவை ஒரு தரம் துடைத்துக் காயவிடுங்கள். காய்ந்த பிறகு தடவிப் பாருங்கள். மரத்தின் நுண்ணிய நார்கள் மயிர்க் கூச்செறிந்த மாதிரி எழுந்து நிற்கும். இவை முன்னமே மரத்தில் படுத்துக் கிடந்தவை. இப்போது நீங்கள் எழுப்பிவிடாவிட்டால், ஐப்பசி கார்த்திகை மழையின் ஈரக்காற்றில் தறியில் இருக்கும்போது அவையாகவே எழும். எழுந்த நாரை 320 தாளால் லேசாக, ஒரே திசையில், நீளவாக்கில் எடுத்துவிடுங்கள்.

ஐந்தாவது, துடைப்பது. தாளிலிருந்து உதிர்ந்த மணல் மரத்தின் துளைகளில் போய் உட்கார்ந்திருக்கும். அதோடு தறிக்குப் போனால் நீங்கள் பாவு மேல் மணல் ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, சுத்தமான துணியால் இரண்டு தரம் துடையுங்கள். தார் உட்காரும் குழியையும், நூல் வெளியே வரும் கண்ணையும் மறக்காதீர்கள்.

கடைசியாகச் சோதனை. கழிவுப் பட்டு நூலில் ஒரு சின்னக் கற்றையை எடுத்து, முறுக்கைப் பிரித்துத் தளர்த்திக்கொள்ளுங்கள். நாடாவின் மேல், அடி, முனை எல்லா இடத்திலும் அதை இழுத்துப் பாருங்கள். நீளவாக்கில் ஒரு தரம், குறுக்கே ஒரு தரம். எங்கே ஓர் இழை மாட்டி நிற்கிறதோ அங்கே பென்சிலால் குறி போடுங்கள், மறுபடி 320. எங்கும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால்தான் நாடா தயார். உங்கள் கை என்ன சொல்கிறது, கண் என்ன சொல்கிறது என்பதெல்லாம் அப்புறம். இழை சொல்வதுதான் தீர்ப்பு.

மெஷினைப் பேணுவது

மாட்டைப் பேணாமல் உழவு இல்லை. மெஷினுக்கும் தினம், வாரம், மாதம் என்று மூன்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எதைத் தொடுவதற்கு முன்னாலும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது.

தினமும், வேலை முடிந்ததும் மேஜை மேலும் மோட்டார் மேலும் படிந்த தூளை பிரஷ்ஷால் தட்டுங்கள். மோட்டார் காற்று இழுக்கும் துளைகள் அடைத்தால் மோட்டார் சூடேறும். தாளில் தூள் அடைத்திருந்தால் தூக்கி எறிய வேண்டாம். மெஷினை ஓடவிட்டு, இறங்குகிற பாதியில் ஒரு கிரேப் ரப்பர் கட்டியை லேசாகக் காட்டினால் அடைத்த தூள் ரப்பரோடு வந்துவிடும். பழைய கிரேப் ரப்பர் செருப்பின் அடிகூட இதற்கு உதவும். தாளின் ஆயுள் நன்றாகக் கூடும். மணலே மழுங்கிய தாளுக்கு மட்டும் இது உதவாது. அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

வாரம் ஒரு முறை மூலைமட்டத்தை எடுத்து, மேஜையும் வட்டமும் சரியாக 90 பாகையில் நிற்கின்றனவா என்று பாருங்கள். மேஜையின் அளவுகோல் குறியை மட்டும் நம்பாதீர்கள். மேஜைக்கும் வட்டத்துக்கும் இடையில் சந்து இரண்டு மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். சந்து பெரிதானால் மெல்லிய துண்டு அதில் சிக்கி உள்ளே இழுபடும். விரலும் கூடவே போகும். அதற்காக வட்டத்தை உரசுகிற அளவுக்கு ஒட்டியும் வைக்கக்கூடாது.

மாதம் ஒரு முறை வட்டத்தின் ஓட்டத்தைப் பாருங்கள். ஒரு பென்சிலை மேஜை மேல் அசையாமல் அழுத்திப் பிடித்து, அதன் நுனி விளிம்புக்கு மயிரிழை தள்ளி நிற்கும்படி வையுங்கள். பிளக்கைப் பிடுங்கிய நிலையில் வட்டத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் வட்டம் ஆடுகிறது. தாளுக்கு அடியில் பழைய கோந்துக் கட்டி இருக்கலாம், இறுக்கும் திருகு தளர்ந்திருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம். இந்த வரிசையிலேயே பாருங்கள், செலவில்லாதது முதலில். இரண்டு பக்கமும் மூடிய பேரிங்குக்கு கிரீஸ் போட வழியும் இல்லை, தேவையும் இல்லை. கரகரவென்று சத்தம் வந்தால் மாற்ற வேண்டியதுதான். பெல்ட் உள்ள மெஷினில் பெல்ட்டில் வெடிப்பு உண்டா, தொய்வு உண்டா என்று பாருங்கள்.

தாள் மாற்றும்போது அவசரம் கூடாது. பழைய தாள் பிடிவாதமாக ஒட்டியிருந்தால் வட்டத்தைக் கொஞ்சம் சூடாக்குங்கள். கோந்து இளகித் தாள் உரிந்து வரும். முடி உலர்த்தும் கருவி போதும். கழற்றக்கூடிய வட்டமாக இருந்தால் நம் ஊர் வெயிலே போதும். மிச்சக் கோந்தை முழுக்கத் துடைத்து, வட்டம் காய்ந்த பிறகு புதுத் தாளை ஓர் ஓரத்திலிருந்து அழுத்திக்கொண்டே ஒட்டுங்கள். நடுவில் காற்றுக் குமிழ் நின்றால் அந்த இடம் மேடாகும்; மரத்தில் பள்ளம் விழும்; கடைசியில் தாள் அங்கேயே கிழியும். ஒட்டியதும் பக்கவாட்டில் விலகி நின்று ஒரு நிமிஷம் வெறுமனே ஓடவிட்டுப் பிறகு வேலைக்கு வாருங்கள்.

மிச்சத் தாள்களை மழைக்காலத்தில் ஈரத் தரையிலோ சுவரோரமோ வைக்காதீர்கள். ஈரம் ஏறினால் தாள் சுருளும், கோந்து விடும். இரண்டு பலகைக்கு நடுவில் தட்டையாக வைத்து மேலே ஒரு கனம் வையுங்கள்.

தூசியை அலட்சியம் பண்ணாதீர்கள்

"மரத்தூள்தானே, மண்ணா, மருந்தா?" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இழைப்புளியில் விழுவது சுருள். அது காலடியில் கிடக்கும். சாண்டரில் கிளம்புவது மாவு போன்ற தூசி. கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலேயே நிற்கும். தெரியாத தூசிதான் நுரையீரல்வரை போகும். தேக்கு, ஈட்டி போன்ற மரங்களின் தூசியால் சிலருக்குத் தோல் அரிப்பும் மூச்சிழுப்பும் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-இல் வெளியிட்ட தொகுதியில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவிலேயே மரத்தூசியைச் சேர்த்திருக்கிறது. மூக்குப் பகுதியில் வரும் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு உண்டு.

மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டால் பெரிய தூள் நிற்கும்; நுண்ணிய தூசி நிற்காது. என் 95 வகை முகமூடியை மூக்கோரம் சந்தில்லாமல் பொருத்தி அணியுங்கள். மெஷினின் தூசி வாயில் உறிஞ்சும் குழாயை இணைத்து வையுங்கள். பையைத் தினம் காலி செய்யுங்கள். வேலை முடிந்ததும் தூளைக் காற்றடித்துப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் கூட்டியெடுங்கள்.

இதோடு இன்னொன்று. தறி இருக்கும் வீட்டுக்குள் இந்த மெஷினை ஓட்டாதீர்கள். காஞ்சிபுரத்தில் தறியும் குடித்தனமும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது வழக்கம். குழந்தை தூங்குவதும் அங்கேதான், பாவு விரிந்திருப்பதும் அங்கேதான். கிளம்புகிற தூசி இரண்டின் மேலும்தான் படியும். கொல்லைப்புறமோ, தனிப் பட்டறையோ, அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமாகக் கேட்கும் சில கேள்விகள்

"ஒரு தறி வைத்திருக்கிறேன். நான் சாண்டர் வாங்கத்தான் வேணுமா?"

வேண்டாம். ஒரு தறிக்கு நல்ல உப்புத்தாள் நான்கு எண்ணிலும், ஒரு கண்ணாடித் துண்டும், ஒரு கைக்கட்டையும் போதும். பல தறிகளுக்கு வேலை செய்யும் தச்சருக்கும், பட்டறைக்கும்தான் மெஷின் கட்டும். நான்கைந்து நெசவாளர்கள் சேர்ந்து ஒரு தச்சரிடம் மாதம் ஒரு முறை எல்லா நாடாவையும் காட்டுவதும் நல்ல ஏற்பாடு.

"மெருகு போட்ட பிறகு எண்ணெய் பூசலாமா?"

பூசாமல் இருப்பதே பட்டுக்குப் பத்திரம். ஈரம் ஏறாமல் இருக்க ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாகப் பூசுகிறவர்கள், அது முழுக்கக் காயும்வரை நாடாவைத் தறிப்பக்கம் கொண்டுபோகக் கூடாது. காய்ந்ததா என்று பார்க்க, நாடாவை வெள்ளைத் துணியில் இறுகச் சுற்றி ஓர் இரவு கனத்துக்கு அடியில் வையுங்கள். காலையில் துணியில் கறை இருந்தால் இன்னும் காயவில்லை. பூசிய துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். ஆளிவிதை எண்ணெய்த் துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துவிடுங்கள்.

"400, 600 என்று மேலே மேலே போனால் இன்னும் நல்லதுதானே?"

நாடாவுக்கு 320 வரை ஒழுங்காக, நார்வாக்கில் தேய்த்தால் போதும். படி தவறி 600 போட்ட நாடாவைவிட, படிப்படியாக 320 போட்ட நாடா மேல். இழைச் சோதனையில் தேறினால் நிறுத்திவிடலாம்.

முடிவாக

2005-06-இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்கு உள்ளே நெசவாளியின் கையும் இருக்கிறது, நாடா செய்து கொடுத்த தச்சரின் கையும் இருக்கிறது. கடையில் புடவையை விரித்துப் பார்க்கிறவர் ஜரிகையைப் பார்ப்பார், கரையைப் பார்ப்பார். நாடாவின் அடிப்பக்கத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனால் அது சரியில்லையென்றால் பாதி நாள் முடிச்சிலேயே போய்விடும். கூலி மட்டும் கூடாது.

ஆகவே மூன்று விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மெஷினால் உருவம், கையால் மெருகு. தாளைப் படிப்படியாக மாற்றி, நார்வாக்கிலேயே தேய்ப்பது. கழிவுப் பட்டு இழையால் சோதிக்காமல் எந்த நாடாவையும் தறியில் ஏற்றாமல் இருப்பது. நாளைக் காலை பாவில் உட்காருவதற்கு முன்னால் உங்கள் மூன்று நாடாவையும் எடுத்து இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகாது.